திரையில் கொங்கு நாடு: நம் திரைப்படச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயல்பாடுகள் பற்றிய அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டு முழுவதையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம். தமிழ்த் திரைப்படங்கள் கொங்கு நாட்டைத் தொடக்க காலம் முதல் இன்று வரை எவ்வாறு காட்டி வந்திருக்கின்றன என்பதே அப்பொருள். மாதந்தோறும் ஒரு திரையிடலும் அதைத் தொடர்ந்து கலந்துரையாடலும் நடந்தன. இடையிடையே மூத்தவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்தோம். பழைய பாட்டுப் புத்தகங்களையும் கொட்டகை நோட்டீசுகளையும் உறுப்பினர் வீடுகளிலிருந்து திரட்டினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை, அலுவலக அறை மாற்றம் முதலியவை சுற்றறிக்கை வழியாக முன்பே தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டவை. ஆகவே இவ்வறிக்கை பெரும்பாலும் நாம் பார்த்த படங்களையும் அவற்றைப் பற்றிப் பேசியதையும் குறித்ததாகவே அமையும்.

செயற்குழு வந்தடைந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலீட்டையும் படப்பிடிப்புத் தளங்களையும் வயலையும் வாய்க்காலையும் பழைய பெரிய வீடுகளையும் தமிழ் சினிமாவுக்குக் கொங்கு நாடு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தந்து வந்திருக்கிறது. ஆனால் இங்குள்ளவர்கள் என்ன தொழில் செய்து பிழைக்கிறார்கள், யார் யாரிடம் எந்த மரியாதையில் பேசுகிறார்கள், யார் உட்கார்ந்திருக்க யார் நிற்க வேண்டியிருக்கிறது என்பவற்றைத் திரை கவனிக்கத் தொடங்கியது மிகவும் பிந்தித்தான். ஆண்டு முழுவதும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வந்து நின்றது.

கொங்கின் எல்லை எது என்பதில் முதல் கூட்டத்திலேயே வாதம் எழுந்தது. சேலத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நெடுநேரம் பேசி, திருச்செங்கோடு, நாமக்கல், சங்ககிரிப் பகுதிகளை விட்டுவிட்டுக் கொங்கு என்று ஒன்றைப் பேச இயலாது என்பதால் சேலத்தையும் சேர்த்துக்கொள்வதென்றும், நீலகிரி தனி வரலாறு உடையது என்பதால் அதைப் பிறிதொரு ஆண்டுக்கு ஒத்திவைப்பதென்றும் முடிவு செய்தோம்.

சாமிக்கண்ணு வின்சென்டிலிருந்து தொடங்கினோம். கோவையைச் சேர்ந்த இவர் ரயில்வே ஊழியராக இருந்தபோது, 1905இல் திருச்சிக்கு வந்திருந்த டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பின்னர் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். கொட்டகையின் பெயரை அந்தச் சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. 1930களின் நடுவில் கோவை சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. அதிலிருந்து பிரிந்த எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு பட்சிராஜா ஸ்டுடியோவை நிறுவினார். சேலத்தில், திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி நூறு படங்களுக்கு மேல் எடுத்தார். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்ததே. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) வந்ததும் அங்கிருந்துதான். சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ (1944), எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) ஆகிய இரண்டும் சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானவை. இந்தப் பெருமைகளை நம்மில் பலர் மேடைதோறும் சொல்லி வந்திருக்கிறோம், சொல்ல வேண்டியவையும்கூட.

ஆயினும் இந்தத் தளங்களிலிருந்து வெளிவந்த படங்களை வரிசையாகப் பார்த்தபோது, அவற்றில் கோவையையோ சேலத்தையோ எங்கும் காண முடியவில்லை. பக்தர் கதை, ராஜா ராணிக் கதை, அராபியக் கதை என்றே அவை சென்றன. ‘மந்திரி குமாரி’யில் (1950) ‘வாராய் நீ வாராய்’ பாடலின்போது நாயகியைக் கணவன் அழைத்துச் செல்லும் மலை உச்சி நம் ஏற்காட்டு மலை; ஆனால் கதை குண்டலகேசியின் வழி வந்தது, ஆகவே அந்த மலை எந்த ஊருக்கும் உரியதல்லாத ஒரு கொலைக்களமாகத் திரையில் நின்றது. ‘மலைக்கள்ளன்’ (1954) நமக்கு இன்னும் நெருக்கமானது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் கதை, பட்சிராஜாவின் தயாரிப்பு, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் என்று எல்லாச் சிறப்பும் அதற்கு உண்டு. கதாசிரியரும் கொங்கு, ஸ்டுடியோவும் கொங்கு என்றிருந்தும், அதில் வரும் மக்கள் பேசுவது மேடைத் தமிழே. அந்தக் கதையே தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் எனப் பிற மொழிகளுக்கும் சென்றது. எந்த ஊருக்கும் பொருந்துமாறு கதை அமைந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைப் பதிவு செய்ய வேண்டும் என்று உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டனர். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் கோவையில் நூற்பாலைகள் வேகமாகப் பெருகின. சென்ட்ரல் ஸ்டுடியோவுக்கு முதல் போட்டவர்களும் ஆலைத் தொழிலோடு தொடர்புடையவர்களே. அங்கே ‘ஹரிதாஸு’க்கும் ‘ராஜகுமாரி’க்கும் இடைப்பட்ட காலத்தில், அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சின்னியம்பாளையத்தின் ஆலைத் தொழிலாளர்கள் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அன்றிருந்த தணிக்கை முறையில் அதை ஒரு படமாக எடுத்திருக்க வழியில்லை என்பது உண்மை. ஆனால் விடுதலைக்குப் பிறகும், ஸ்டுடியோக்கள் இயங்கிய காலம் முழுவதும், ஆலைச் சங்கு ஊதுவதும் ஷிப்டு மாறும் நேரத்தில் அவிநாசி சாலையில் சைக்கிள்கள் திரண்டு வருவதும் நாம் பார்த்த எந்தப் படத்திலும் வரவில்லை. நூற்பாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, ஸ்டுடியோ வாசலில் நடிகர்களைப் பார்க்க நின்றதையெல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டு, “நாங்க அவங்களைப் பார்க்கப் போனோம், அவங்க எங்களைப் பார்க்க வரவே இல்லைங்க” என்றார். இவ்வாண்டின் ஒலிப்பதிவுகளில் நான் மிகவும் மதிப்பது அவருடையதைத்தான்.

கோவையைச் சேர்ந்த சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவரைப் பற்றித் தனியே ஒரு கூட்டம் நடத்தினோம். 1956இல் ‘தாய்க்குப் பின் தாரம்’ மூலம் தேவர் பிலிம்ஸைத் தொடங்கிய அவர், காளையையும் ஆட்டையும் யானையையும் கதைமாந்தர்களுக்கு இணையாகத் திரையில் நடமாட விட்டவர். கால்நடையோடு வாழ்ந்து பழகிய மண்ணின் பிள்ளை என்பதை அதில் காணலாம். ‘தெய்வம்’ (1972) படத்தில் மதுரை சோமு திரையில் தோன்றிப் பாடும் ‘மருதமலை மாமணியே’ பாடலால் மருதமலையைத் தமிழகம் முழுவதும் அறிந்தது. கொங்கின் ஓர் இடம் தன் சொந்தப் பெயரோடு திரையில் நின்றதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. இவ்வளவு பெரிய வரவேற்பைப் பெற்ற பின்னும் அவ்வழியில் அதிகம் பேர் செல்லவில்லை என்பது வருத்தமே.

ஸ்டுடியோக்களை விட்டுக் கேமரா வெளியே வந்த காலத்தைப் பற்றிய கூட்டங்களுக்குத்தான் உறுப்பினர் வருகை மிகுதியாக இருந்தது. ‘16 வயதினிலே’ (1977) கிராமத்தைத் திரைக்குக் கொண்டுவந்த படம் என்று எங்கும் சொல்லப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே தேவராஜ், மோகன் இருவரின் இயக்கத்தில் வந்த ‘அன்னக்கிளி’, பவானிசாகரிலிருந்து காட்டு வழியே சென்று மாயாற்றைக் கடந்து சேர வேண்டிய தெங்குமரஹாடாவில் படமாக்கப்பட்டது. இளையராஜாவின் முதல் படம் என்ற புகழில் அந்த ஊர் மறைந்துவிட்டது. படத்தைப் பாட்டுக்காகப் பார்க்காமல் ஊருக்காகப் பார்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டோம். கறுப்பு வெள்ளையில் அந்த வயல்களும் தூரத்து மலை விளிம்பும் அவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் படத்துக்குள் அந்த ஊருக்கு அதன் சொந்த வாழ்வு இல்லை. அது பொதுவான ஒரு தமிழ்க் கிராமமாகவே நிற்கிறது.

பின்வந்த இருபது ஆண்டுகளில் இதுவே வழக்கமாயிற்று. பொள்ளாச்சியும் கோபிசெட்டிபாளையமும் தமிழ்த் திரையின் நிரந்தரக் கிராமங்களாயின. கோபியைச் சின்னக் கோடம்பாக்கம் என்றே அழைத்தார்கள். இதற்கான காரணங்களை ஒரு கூட்டத்தில் விரிவாகப் பேசினோம். கோவையில் விமான நிலையமும் ரயில் வசதியும் உண்டு. தங்குமிடங்கள் அருகில் இருந்தன. ஆனைமலை அடிவாரத்தின் பசுமை, தென்னந்தோப்பு, ஆழியாறு அணை, கோயில், முற்றம் வைத்த பழைய வீடு ஆகியவை அனைத்தும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைத்தன. ஒரே இடத்தில் தங்கி முழுப் படத்தையும் முடித்துவிடலாம் என்பது தயாரிப்பாளருக்குப் பெரும் சிக்கனம். கோபியில் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் நெல்வயலைப் பசுமையாக வைத்திருந்தன. பொள்ளாச்சிப் பக்கத்துக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம் துணை நின்றது.

பிரச்சினை எழுந்தது இந்தப் பசுமையால்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கொங்கின் பெரும்பகுதி வறண்ட நிலம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்தில் கிளுவை வேலி சுற்றிய கொறங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும். காங்கேயம் மாடுகள் அதில் மேயும். மேட்டாங்காட்டில் சோளமும் கம்பும் விளையும். ஆழமான கிணற்றை நம்பி உழவு நடக்கும். ஊர் என்றால் தெருத்தெருவாக வீடுகள் நெருங்கியிருப்பதாக மட்டும் இருக்காது. ஆங்காங்கே தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கும் குடும்பங்களும் ஏராளம். திரையில் வரும் கொங்குக் கிராமத்தில் இவை எதுவும் கிடையாது. காங்கேயம் பக்கத்து உறுப்பினர் ஒருவர், தம் இளமையில் படப்பிடிப்புக்கு வண்டி மாடு வாடகைக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னார். தம் ஊர்ப்பக்கத்துக் காடு வழியாகவே வண்டி போகட்டும் என்று இவர் சொல்ல, “வேலியோரம் காய்ஞ்சு கிடக்கு, வாய்க்கால் கரைக்கு ஓட்டுங்க” என்றார்களாம். மாடு மட்டும் காங்கேயத்து மாடு. அது நடந்த கரை வேறு ஊருடையது.

இதே நிலம் பிற வட்டாரங்களாகவும் வேடம் பூண்டது. ‘தேவர் மகன்’ (1992) தென்மாவட்டத்துத் தூவலூரில் நடக்கும் கதை. படமாக்கப்பட்ட இடம் பொள்ளாச்சி அருகிலுள்ள சிங்காநல்லூர். முன்பு குறிப்பிட்ட கோவைச் சிங்காநல்லூர் வேறு, இது வேறு. அப்படத்தின் ஒளிப்பதிவும் நடிப்பும் நம் உறுப்பினர்களால் மிகவும் பாராட்டப்பட்டவை; ஐந்து தேசிய விருதுகளையும் அது பெற்றது. ஆயினும் வைகைக்கரை மனிதர்களின் சினம் பொள்ளாச்சித் தென்னைகளுக்கு நடுவே நடந்ததால் இரு வட்டாரத்துக்கும் இழப்பு என்பதே என் கருத்து: அவர்களுக்கு அவர்கள் நிலம் கிடைக்கவில்லை, நமக்கு நம் கதை கிடைக்கவில்லை. இதில் உறுப்பினர்கள் சிலருக்கு மாறுபட்ட கருத்து உண்டு என்பதையும் பதிவு செய்கிறேன். நல்ல படத்துக்கு இடம் தந்ததே பெருமை என்றும், கற்பனை ஊருக்கு நிலவியல் தேவையில்லை என்றும் அவர்கள் வாதிட்டனர்.

1990களின் முற்பகுதிக்குத்தான் அதிகக் கூட்டங்களைச் செலவிட்டோம். ‘சின்னக் கவுண்டர்’ (1992), ‘எஜமான்’ (1993), ‘நாட்டாமை’ (1994) என்று அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் வந்து பெருவெற்றி பெற்ற மூன்று படங்களும், கொங்கு நாடு என்றால் தமிழகம் எதை நினைக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டன. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஆலமரத்தடி, ஊரே கைகட்டி நிற்க நடுவில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஒரு பெரியவர். ஊர்க்கவுண்டர், நாட்டுக்கவுண்டர், பட்டக்காரர் என்ற அமைப்புகள் இங்கே வரலாற்றில் இருந்தவைதாம். ஆனால் அவற்றை அறத்தின் இருப்பிடமாக மட்டுமே இப்படங்கள் காட்டின. ‘நாட்டாமை’யில் ஒரு குடும்பத்தையே ஆண்டுக்கணக்கில் ஊரைவிட்டுத் தள்ளிவைக்கும் தீர்ப்பு கைதட்டலுக்குரிய காட்சியாக அமைகிறது. அத்தகைய தீர்ப்புகள் நடைமுறையில் யார்மேல் விழுந்தன என்று அறிந்தவர்களால் அந்தக் கைதட்டலில் சேர முடியாது. நிலவுடைமைக் குடும்பத்தின் கண்ணிலிருந்தே ஊர் பார்க்கப்பட்டது; உழைப்பவர்கள் உயிரைக் கொடுக்கும் விசுவாசிகளாகவோ சிரிப்பு மூட்டுபவர்களாகவோ ஓரத்தில் நின்றார்கள்.

‘சின்னக் கவுண்ட’ரின் மொய் விருந்துக் காட்சியை மட்டும் தனியே எடுத்து இருமுறை திரையிட்டோம். கடனைத் தீர்க்க நாயகி விருந்து வைக்கிறாள். ஊரார் உண்டு இலைக்கடியில் பணம் வைத்துப் போகிறார்கள். நாயகன் வைத்துவிட்டுப் போவது ஒரு தாலி. காட்சியாக அது மிக நேர்த்தியானது. முகங்கள், இலைகள், எடுக்கும் கை, பிறகு அந்தக் கை நின்றுவிடுவது என்று பேச்சே தேவைப்படாத ஒழுங்கு அதில் இருக்கிறது. ஆனால் மொய் விருந்து என்ற வழக்கம் இன்று பெரிதும் அறியப்படுவது பேராவூரணி, கீரமங்கலம் பக்கங்களில்தான். கொங்கின் அடையாளமாகத் தமிழகம் நினைவில் வைத்திருக்கும் ஒரு காட்சிக்கு உயிர் கொடுத்த வழக்கத்தைக் கிழக்கே அவ்வளவு தூரத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது என்பதை உறுப்பினர்கள் கவனித்தனர்.

அதே 1992இல் நொய்யலாற்றில் ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அந்த அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கி, கீழேயுள்ள நிலங்களும் கிணறுகளும் கெட்டன. 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் வரை அந்த வழக்கு நீண்டது. அந்த இருபது ஆண்டுகளில் பனியன் கம்பெனிகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்தும் பின்னர் வடமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். சோமனூர், பல்லடம் விசைத்தறிகள் இரவு பகலாக ஓடின. கோவையின் பவுண்டரிகளும் பம்புசெட்டுத் தொழிலும் கிரைண்டர் தொழிலும் வளர்ந்தன, தளர்ந்தன. இத்தனை கதைகள் நடந்துகொண்டிருந்த வட்டாரத்தில் கேமரா ஆலமரத்தடியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு ஆற்றாமையே மிகுகிறது. மரத்தடியைக் காட்டியதற்காக யாரையும் நான் குறைகூறவில்லை; தறியையும் காட்டியிருக்கலாம்.

பேச்சுமொழி பற்றிய கூட்டத்தைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். வெள்ளாங்கோயிலைச் சேர்ந்த பாக்யராஜ், வல்லக்குண்டாபுரத்துக் கவுண்டமணி, கோவைச் சத்யராஜ், சூலூர் மணிவண்ணன், கோவை சரளா ஆகியோர் வழியாகக் கொங்குப் பேச்சு தமிழகம் முழுவதும் காதுக்குப் பழகியது. ‘அமைதிப்படை’யில் (1994) அரசியல் நையாண்டிக்கு அந்தப் பேச்சு கூர்மை சேர்த்தது. ‘சதி லீலாவதி’யில் (1995) கமல்ஹாசன் சக்திவேல் கவுண்டர் என்ற மருத்துவராக, படம் முழுதும் கோவை சரளாவுக்கு ஈடுகொடுத்துக் கொங்குத் தமிழ் பேசினார். ஆனால் ஒன்றைக் கவனித்தோம்: இப்பேச்சு பெரும்பாலும் நகைச்சுவைக்கே ஒதுக்கப்பட்டது. துயரமோ கோபமோ தீவிரமாகும்போது பாத்திரங்கள் பொதுத் தமிழுக்கு நழுவிவிடுகின்றன. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடும் மரியாதையை எல்லோரும் மெச்சுகிறார்கள். அந்த மரியாதை மேலிருந்து கீழே எல்லோருக்கும் கிடைத்ததா என்று அக்காலப் படங்கள் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட படம் ‘சேத்துமான்’. பெருமாள்முருகனின் சிறுகதையைத் தழுவித் தமிழ் என்ற இயக்குநர் இயக்கி, பா. இரஞ்சித்தின் நீலம் நிறுவனம் தயாரித்து, 2022இல் இணையத்தில் வெளியானது. பூச்சியப்பன் என்ற முதியவர், அவர் வளர்க்கும் பேரன், பன்றிக்கறி தின்ன ஆசைப்படும் பண்ணையக்காரர் வெள்ளையன் என்று கதை மிகச் சிறியது. ஆனால் நாமறிந்த கொங்கு அதில் இருக்கிறது: வறண்ட காடு, ஓட்டுச்சாளை, யாரும் நிற்காத நேரத்துச் சாலை, வயதில் மூத்தவரை இளையவர் பெயர் சொல்லி ஒருமையில் அழைக்க, அவர் பதிலுக்கு ‘ங்க’ போடும் அன்றாடம். யாரும் வசனம் பேசுவதாகவே தோன்றவில்லை. படம் முடிந்தபின் மண்டபத்தில் சிறிது நேரம் எவரும் எழவில்லை. பேச்சைத் தொடங்கியவர் பதின்ம வயது மாணவி. தன் தாத்தாவும் இப்படித்தான் பேசுவார் என்றும், படத்தில் அதைக் கேட்பது இதுவே முதல்முறை என்றும் சொன்னார்.

‘மாமன்ன’னை (2023) இதையொட்டித் திரையிட்டோம். மாரி செல்வராஜ் காசிபுரம் என்ற கற்பனைப் பெயரில் சேலம் பக்கத்துத் தனித்தொகுதி ஒன்றைக் கதைக்களமாக்கினார். சட்டமன்ற உறுப்பினராகவே ஆன பிறகும், கட்சிக்காரரின் வீட்டில் உட்காராமல் நிற்கும் தந்தையைப் பார்த்து மகன் அவரை உட்காரச் சொல்லும் காட்சியில் ஒரு நாற்காலி கதையின் மையமாகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய படங்களில் ஊர் நடுவே போடப்பட்டிருந்த நாற்காலியை உறுப்பினர்கள் அடுத்தடுத்த மாதங்களில் பார்த்திருந்ததால், இந்தக் காட்சிக்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை. அதன் இரண்டாம் பாதி சண்டைப்படமாகி வேகத்தில் கரைந்துவிடுகிறது என்ற விமர்சனமும் எழுந்தது. அதை நானும் ஏற்கிறேன்.

இவ்விரு படங்களில் ஒன்றைத் திரையிடத் தேதி குறித்து அழைப்பிதழும் அனுப்பியபின், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் மண்டபத்தினர் இடம் தர இயலாதென்று கடைசி நேரத்தில் தெரிவித்தனர். காரணம் கேட்டும் சொல்லவில்லை. இரண்டு வாரம் தள்ளி வேறிடத்தில் அதே படத்தைத் திரையிட்டோம். வருகை வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. சாதி பற்றிய படமென்றால் தவிர்த்துவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்களுக்கும், நம் வட்டாரத்தைப் பற்றிப் பேசுவதென்றால் இதைத் தவிர்த்துப் பேச இயலாது என்று செயற்குழு பணிவோடு பதிலளித்தது.

ஆண்டின் கடைசித் திரையிடல் ‘குடும்பஸ்தன்’ (2025). நக்கலைட்ஸ் என்ற யூடியூப் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்த ராஜேஷ்வர் காளிசாமி இயக்கி, மணிகண்டன் நடித்த இப்படத்தில் வயலும் இல்லை, பண்ணை வீடும் இல்லை, தீர்ப்புச் சொல்பவரும் இல்லை. சாதி மறுத்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட கோவை இளைஞன், வேலை போனதை வீட்டில் மறைத்து, கடன்மேல் கடன் வாங்கி அல்லாடுகிறான். சொந்தத் தொழில் தொடங்கித் தலைநிமிர வேண்டும் என்ற கோவையின் ஆசையையும், அது கைகூடாதவனைச் சொந்தக்காரர்கள் நடத்தும் விதத்தையும் இவ்வளவு பக்கத்தில் வைத்து வேறு எந்தப் படமும் காட்டவில்லை. கொங்குப் பேச்சு இங்கேயும் சிரிப்பைத் தருகிறது. அதோடு அழுகைக்கும் அதே பேச்சு போதுமானதாக இருக்கிறது.

ஆவணப் பணியில் நம் நிலை அவ்வளவு மகிழ்ச்சிக்குரியதாக இல்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘பாலன்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. சேலத்தில் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஸ்டுடியோக்களில் தச்சு வேலை, ஒப்பனை, விளக்கு வேலை பார்த்தவர்களில் நம்மால் தேடிக் காண முடிந்தவர்கள் மிகவும் முதியவர்கள். அவர்களில் இருவர் ஒலிப்பதிவுக்கு நாள் குறித்த பின் காலமாயினர். அவர்களுக்கு இப்பொதுக்குழு அஞ்சலி செலுத்துகிறது. பாட்டுப் புத்தகங்களைத் தந்த உறுப்பினர்களுக்கு நன்றி. அவற்றில் பல செல்லரித்த நிலையில் இருப்பதால் முதலில் மின்பிரதி எடுத்துவிட்டு மூலத்தை உரியவரிடமே திருப்பித் தருகிறோம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறது. ஸ்டுடியோத் தொழிலாளர்களின் நினைவுகளைப் பதியும் பணியை வேறு எந்த வேலைக்கும் முன்னதாக, ஆண்டின் முதல் காலாண்டிலேயே முடிப்பது. சென்ட்ரல், பட்சிராஜா, மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் எவற்றின் பிரதிகள் உள்ளன என்று கேட்டுப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குச் சங்கத்தின் சார்பில் எழுதுவது. மூன்றாவதாக, பனியன் கம்பெனி, விசைத்தறி, நூற்பாலை, பவுண்டரி ஆகிய தொழில்களைப் பற்றி நம் வட்டாரத்து இளைஞர்கள் எடுக்கும் குறும்படங்களுக்கு ஒரு நாள் முழுதும் ஒதுக்கித் திரையிடுவது. இதற்குத் தேவையான கருவிகளை வாடகைக்கு எடுக்கும் செலவைப் பொருளாளரின் வரைவுத் திட்டத்தில் காணலாம்.

திரையிடல்களுக்குத் தம் வீட்டு மாடியையும் பட்டறைக் கூடத்தையும் தந்து உதவியவர்களுக்கும், நாற்காலி போட்டதிலிருந்து விவாதங்களைக் கையெழுத்தில் குறித்து வைத்தது வரை உழைத்த இளைஞர் குழுவினருக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். இவ்வறிக்கையையும் இதிலுள்ள மூன்று பரிந்துரைகளையும் விவாதித்து, திருத்தங்கள் இருப்பின் அவற்றோடு ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்